சகலையின் குதிரைக்கு நான் போட்ட வேலி

கொச்சங்காடியில் என் சாக்குக் களத்தின் பின்மதிலுக்கு மேலே ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டு ஹம்ஸக்காவின் தலை. அக்கா இல்லை; இங்கே முஸ்லிம் அண்ணன்களை இக்கா என்போம். அப்போதுதான் குளித்திருப்பார் போல. உச்சியில் ஈரத் துண்டு, காதோரம் சோப்பு நுரை.

“நாளெ வலிய வேலியேற்றமா. நோக்கிக்கோ!” என்று கத்தினார்.

களத்தின் நடுவில் நின்றிருந்த என் சகலை முருகேசன் உற்சாகமாகத் திரும்பினான். தோளில் ஒரு நீளமான கமுகுக் கம்பம்.

“ஆமா இக்கா! இன்னைக்கே ஏத்திருவோம்!”

“ஆ, கேற்றிக்கோ கேற்றிக்கோ” என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுத் தலை மதிலுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

மலையாளத்தில் வேலியேற்றம் என்றால் கடல் ஏறுவது. ஓதம். காயல் பொங்கி, ஓடை வழியாகப் பின்னோக்கி நடந்து, நம் வாசலுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போவது. ஆனால் கம்பம் ஊரிலிருந்து வந்து, இத்தனை வருடமும் தமிழ் ஆட்களோடே வேலை பார்க்கிற முருகேசனின் காதில் அது வேலியை ஏற்றுவதாகத்தான் விழுந்தது. தன் குதிரைக்குப் போட்ட வேலி உயரம் பத்தாது என்று இக்கா யோசனை சொல்கிறார் என்று அவன் நினைத்தான். இவர்கள் குதிரையைக் களத்து மேட்டிலிருக்கும் என் சாக்குக் கோடவுனுக்குள் ஏற்றப் போகிறார்கள் என்று இக்கா நினைத்தார்.

இரண்டு பேர் பேசியதும் சரியாகப் புரிந்த ஒரே ஆள் அங்கே நான்தான். மட்டாஞ்சேரியில் பிறந்தவன். தமிழில் சண்டை போட்டு மலையாளத்தில் சமாதானம் ஆகிறவன்.

“பாத்தீங்களாண்ணே, இக்காவுக்கே தெரியுது, வேலி இன்னும் ஒசரணும்னு” என்றான் முருகேசன்.

நான் “ம்” என்றேன்.

இந்தத் தொடரில் இதுவரை நான் படகுத்துறையில் வழுக்கி விழுந்ததை எழுதியிருக்கிறேன், பல் செட்டைத் தொலைத்ததை எழுதியிருக்கிறேன். எல்லாம் நானாக முன்வந்து எழுதியவை. இந்த வாரத்து “ம்” அப்படி இல்லை. என்னை எழுத வைத்தவர் யார் என்று கடைசியில் சொல்கிறேன்.

பெரிய துண்டு மீன்

என் தொழில் சாக்கு, சணல், கயிறு. ஜூ டவுன் என்கிற யூதர் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. ஒரு காலத்தில் சுற்றிலும் மிளகு, சுக்குக் கோடவுன்கள். சாக்கு இல்லாமல் யாருக்கும் பொழுது விடியாது. இப்போது சுற்றிலும் பழம்பொருள் கடைகள். வெள்ளைக்காரர்கள் என் கடையையும் பழம்பொருள் என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். என்னையும் சேர்த்து.

முருகேசன் என் மனைவி வசந்தாவின் தங்கை ரேவதியைக் கட்டியவன். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு பையோடு எர்ணாகுளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினான். போய் அழைத்து வந்தது நான். இரண்டு மாதம் என் வீட்டுக் கூடத்தில் என் பாயில் படுத்தான். தரைக்கு டைல்ஸ் ஒட்டும் ஒரு மேஸ்திரியிடம் சொல்லி அவனைச் சேர்த்துவிட்டதும் நான். இன்று அவனிடம் மேஸ்திரிகள் வேலை பார்க்கிறார்கள். அவனுக்கு வீடு இரண்டு மாடி. கார் சத்தமே போடாது. இதையெல்லாம்கூட நான் தாங்கிக்கொண்டேன். அவனுக்கு இன்னும் தலை நிறைய முடி இருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்தது மாமியார். கம்பத்திலிருந்து வரும்போதெல்லாம் நெய்மீன் குழம்பு வைப்பார். கரண்டி என் தட்டை நெருங்கும்போது வால் துண்டு தானாக மேலே வந்துவிடும். முருகேசனின் தட்டுக்குப் போகும்போது நடுத் துண்டு.

“சின்ன மாப்ள வெயில்ல நிக்கிறவரு, நல்லா சாப்பிடணும்.”

“நானும் கடைக்கு வெயில்லதான் போறேன் அத்தை.”

“அது சைக்கிள்ல போயிருவீங்கள்ல.”

இந்த வாதத்துக்கு இருபது வருடமாக எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் வசந்தா சொன்னாள்: “முருகேசன் குதிரை வாங்கறாராம்.”

“எதுக்கு? கல்யாணத்துக்கு வாடகைக்கு விடவா?”

“இல்ல. ஆசைக்காம்.”

தொழிலுக்கு என்றால் பொறுத்திருப்பேன். ஆசைக்கு! நான் கடைசியாக ஆசைப்பட்டு வாங்கியது ஒரு சாய்வு நாற்காலி. அதில் இப்போது துணி காய்கிறது.

மலைப்பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் வேலை எடுத்திருந்தானாம். அங்கே சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு நடந்த ஒரு செவலைக் குதிரை. பெட்டை. வயதாகிவிட்டது என்று கழித்துவிடப் பார்த்தார்களாம். இவன் அதன் முகத்தைப் பார்த்தானாம். அதுவும் இவன் முகத்தைப் பார்த்ததாம்.

“முகத்தைப் பாத்தா வாங்கிடறதா?” என்றேன்.

“என்னை நீங்க அப்படித்தான வாங்கினீங்க” என்றாள் வசந்தா.

தோசையோடு ஓடியவன்

குதிரை மேல் முதலில் ஆசைப்பட்டவன் நான். இதைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

இங்கே குஜராத்தித் தெருவில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை குதிரையில் வருவார். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. பாண்டு வாத்தியம் கேட்டதும் கையிலிருந்த தோசையோடு ஓடினேன். வெள்ளைக் குதிரை. நெற்றியில் கண்ணாடிச் சில்லு பதித்த பட்டை. ஒவ்வொரு அடிக்கும் சுவரெல்லாம் வெளிச்சம் குதித்தது. மேலே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை பயத்தில் பிடரியை இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு எரிச்சல். பயப்படுகிற ஆளுக்கு எதற்குக் குதிரை?

பின்னாலேயே நடந்தேன். கொஞ்சம் அதிகமாகவே பின்னால். குதிரை வாலைத் தூக்கியது. நான் வணக்கம் வைக்கிறது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சட்டையைக் கழற்றி வாளியில் போட்டாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். சட்டை போனதற்காக இல்லை. குதிரை தொட்ட சட்டையைத் துவைக்கிறாளே என்று.

என் கல்யாணத்துக்கு அப்பாவிடம் கேட்டும் பார்த்தேன். அவர் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: “நீ நடந்து வந்தாலே பொண்ணு வீட்ல சிரிக்கிறாங்க. குதிரையில வேற வரணுமா?”

ஒரு வாடகை அம்பாசிடரில் போனேன். அதையும் கடைசி வளைவில் தள்ள வேண்டியிருந்தது. தள்ளியவர்களில் நானும் ஒருவன்.

கோணி ஊசி

குதிரை வாங்கியாயிற்று, விட இடம் இல்லை. ஒரு சாயங்காலம் முருகேசன் வீட்டுக்கு வந்தான்.

“அண்ணே, கொச்சங்காடியில ஒங்க களம் சும்மாதான கெடக்கு?”

முன்பு சாக்குகளைத் துவைத்துக் காயப்போட்ட மைதானம் அது. பிளாஸ்டிக் பைகள் வந்தபிறகு புல்தான் காய்கிறது. நான் வாயிலிருந்த சாயாவை விழுங்குவதற்குள் வசந்தா சொல்லிவிட்டாள்: “கெடக்கு கெடக்கு. எடுத்துக்குங்க.”

முடியாது என்று சொல்வது பச்சையாகத் தெரிந்துவிடும். அதனால் வேறு வழியில் இறங்கினேன். இரண்டு வாரம் ஃபோனில் குதிரை வீடியோவாகப் பார்த்தேன். நிபுணன் ஆனேன். ஒரு குதிரைக்கு என்னென்ன வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனால், ஏதோ ஒரு இடத்தில் அவன் அலுத்துப்போய்க் குதிரையைத் திருப்பி அனுப்பிவிடுவான். இதுதான் திட்டம்.

“சுத்தி முள்கம்பி இருக்கே முருகேசா. ஆகாது. குதிரைக்குத் தோல் மெலிசு, பயந்து உரசினா கிழிஞ்சுபோகும்.”

மறுநாள் முள்கம்பி இல்லை.

“மேக்கால ஒரு வரிசை அரளி நிக்குது. ரெண்டு இலை தின்னாலே குதிரை போயிடும், கேட்டோ.”

மறுநாள் அரளி வேரோடு இல்லை. வேர் இருந்த குழிகூட இல்லை.

“களத்துக்கு மூலை இருக்கக் கூடாது. மிரண்டு ஓடற குதிரை மூலையில போய் மாட்டிக்கும். வளைச்சு எடுக்கணும்.”

சவுக்குக் கம்பங்களை அரைவட்டமாக நட்டு நான்கு மூலைகளையும் வளைத்தான். குறுக்கே மூன்று வரிசை கமுகுக் கம்பம். ஆணி அடிக்கப் போனபோது தடுத்தேன். ஆணி கழன்றால் காலில் ஏறும். கயிற்றால்தான் கட்ட வேண்டும். என் கடைக் கயிறு. நானே போட்ட முடிச்சு. கேட் உள்பக்கமாகத்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் குதிரை நெஞ்சால் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும் என்றேன். திறந்தது, உள்பக்கமாகவே.

கடைசியாகப் பெரிய அஸ்திரத்தை எடுத்தேன்.

“இந்த மண்ணுல நாப்பது வருஷமா சாக்கு தைச்சிருக்கோம். எத்தனை கோணி ஊசி விழுந்திருக்கும்? குளம்புல ஏறிச்சுன்னா அவ்வளவுதான். ஒவ்வொரு பிடி மண்ணையும் சலிக்கணும்.”

முருகேசன் தலையைச் சொறிந்தான். முடி நிறைந்த தலை. “ஒரு நிமிசம்ணே” என்று போனவன், யாரோ தூக்கிப்போட்ட கோயில் ஒலிபெருக்கியிலிருந்து உரித்த காந்தத்தோடு வந்தான். அதைக் கயிற்றில் கட்டி, நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கமாகக் களம் முழுக்க இழுத்தோம். மூன்று நாள். ஊசிகள் துருவேறி, வளைந்து, காந்தத்தில் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு வந்தன. என் அப்பாவின் ஊசியும் அதில் இருந்திருக்கும். அதைப்பற்றி உருக எனக்கு நேரமில்லை, முதுகு பிடித்துக்கொண்டிருந்தது.

“குதிரை ஒத்தையில இருந்தா மனசு கெட்டுடும். இன்னொரு குதிரை வேணும்” என்றேன், முதுகைப் பிடித்தபடி. இதற்காவது மடங்குவான் என்று பார்த்தேன்.

ஹம்ஸக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, “இவளெ கொண்டுபோய்க்கோ” என்று தன் வெள்ளாட்டை இறக்கிவிட்டார். அதன் பெயர் சுந்தரி.

இப்படித்தான், அந்தக் குதிரை வரவே கூடாது என்று நினைத்த நான், அதற்கு ஒரு குறையும் இல்லாத இடம் கட்டிக் கொடுத்தேன். பொறாமைக்காரனைப்போல நுணுக்கமான மேற்பார்வையாளன் எந்தக் கம்பெனியிலும் கிடைக்க மாட்டான். முருகேசன் போகிற இடமெல்லாம் சொன்னான்: “எல்லாம் அண்ணன் பிளானு. அவருக்குத் தெரியாததே இல்ல.” அவன் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அந்தக் களத்தின் தாழ்ந்த பக்கத்தில், வருடத்தில் சில நாள், ஓடை வழியாகக் காயல் ஏறும் என்பதை. முதலில் மறந்துதான் போயிருந்தேன். பொய் இல்லை. மறதிதான்.

ஆரத்தித் தட்டு

குதிரை ஒரு வெள்ளிக்கிழமை லாரியில் வந்தது. வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் இன்னும் அவிழ்க்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்த நாட்கள். பெயர் மைனா. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. லாரியிலிருந்து பலகை வழியாக இறங்கி, நின்று, கண்ணை மூடி, காயல் காற்றை ஒருமுறை இழுத்தது. அதன் மேலிருந்து வெயிலில் காய்ந்த வைக்கோலும் வியர்வையும் கலந்த ஒரு வாசம். எனக்கு எட்டு வயதானது.

அப்போது வசந்தா ஆரத்தித் தட்டோடு வந்தாள். எங்கள் கல்யாணத்தன்று எனக்குச் சுற்றியபிறகு அந்தத் தட்டு அன்றைக்குத்தான் வெளியே வருகிறது.

நான் தைரியமாக முன்னே போய்க் கையை நீட்டினேன். மைனா மோந்து பார்த்தது. யோசித்தது. என் முகத்தில் தும்மியது. பிறகு நேராக முருகேசனிடம் போய்த் தாடையை அவன் தோளில் வைத்துக்கொண்டது. கூடியிருந்த தெருவே “அய்யோ!” என்று உருகியது.

மறுநாள் காலையில் சாயாக்கடையில் என் தினப்படி ஜோக்கை ஆரம்பித்தேன். பாதியில் ஒருவன் குறுக்கிட்டான்: “அண்ணாச்சி, அது இருக்கட்டும், மைனா காலையில என்ன தின்னுச்சு?” இருபது வருடமாக அந்த பெஞ்சு என்னுடையது. ஒரே நாளில் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால் வசந்தா கேட்கிறாள்: “புது எடமாச்சே, மைனா தூங்கிச்சாமா?”

“நான் தூங்கினேனான்னு என்னைக்காவது கேட்டிருக்கியா?”

“அதான் கொறட்டை கேக்குதே.”

மறுநாள் ஞாயிறு. கம்பத்திலிருந்து மாமியாரும் சொந்தக்காரர்களும் ஒரு வேன் நிறையக் குதிரை பார்க்க வருவதாக ஏற்பாடு. ரேவதி மைனாவுக்கு மாலை கட்டச் சொல்லியிருந்தாள். செவ்வந்தி. நடுவில் ரோஜா. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம்தான் மதிலுக்கு மேலே தலை எழும்பியது.

ஒரு வரிசை கூடுதல்

“ம்” சொன்ன அந்த நொடியில் என் மனதில் என்ன ஓடியது என்று மறைக்காமல் எழுதுகிறேன்.

நாளை காலையில் மாமியார் வருகிற நேரம் களத்தில் கணுக்கால் அளவு ஓடைத் தண்ணீர். சின்ன மாப்ளை முழங்கால்வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் நிற்கிறார். பூமாலை மிதக்கிறது. நான் மேட்டில் உலர்ந்த செருப்போடு நின்று, “அடடா, என்னாச்சு சகல?” என்கிறேன். அவ்வளவுதான். இதற்கு மேல் எனக்கு ஒரு கெடுதலும் தோன்றவில்லை. ஓதம் வந்தால் கணுக்கால்தான் நனையும், இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். குதிரைக்குக் கால் நனையும், அவனுக்கு மானம் நனையும்.

சாயா கொண்டுவந்த வசந்தா கேட்டாள்: “எந்தா தனியா சிரிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல. ஒரு ஜோக்கு.”

“சொல்லுங்க.”

“அப்புறம் சொல்றேன்.”

முருகேசன் அன்றே வேலியை ஏற்றினான். மூன்று வரிசைக்கு மேல் நான்காவது வரிசை. நான்தான் கட்டிக் கொடுத்தேன். மேல் கம்பத்திலிருந்து கீழ்க் கம்பம்வரை ஒரே கயிறாக இறுக்கி, முடிச்சுக்கு மேல் முடிச்சு. “அண்ணன் கட்டினா யானைகூட அவுக்க முடியாது” என்றான். நான் இன்னும் ஒரு முடிச்சு போட்டேன்.

ஞாயிறு காலை

சவரம் பாதி முடிந்திருந்தது. ஃபோன் அடித்தது.

“எடோ!” ஹம்ஸக்கா அலறினார். “குதிரயெ கேற்றியில்லே?”

குதிரையை நீங்கள் மேலே ஏற்றவில்லையா? ஒரு கன்னத்தில் நுரையோடு சைக்கிளில் ஏறினேன். பின்னால் வசந்தா ஓடி வந்தாள்.

கணுக்கால் என்று கணக்குப் போட்டிருந்தேன். தெருவிலேயே சைக்கிள் பெடல் முங்கியது. களத்தில் என் தொடைவரை தண்ணீர். கறுப்பாக, குளிர்ந்து, சாக்கடையும் உப்பும் நாறியது. தீவனப் பெட்டியின் மேல் சுந்தரி ஏறி நின்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. மைனா கேட்டை ஒட்டி நின்றிருந்தது. பயத்தில் கண் வெளுத்து, உடம்பெல்லாம் நடுங்கியது. வெளியே வரப் பார்த்திருக்கிறது. முன்னங்கால் ஒன்று தண்ணீருக்கடியில், கீழிருந்து முதல் கம்பத்துக்கும் இரண்டாவது கம்பத்துக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்க வேலி முழுக்க முறுகியது.

முருகேசன் எனக்கு முன்பே வந்திருந்தான். தண்ணீருக்குள் நின்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி” என்று சொல்லிக்கொண்டே அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை.

“அண்ணே, கேட்டு தெறக்கல! உள்ளாற தெறக்கணும், இவ உடம்பு அடைச்சிருக்கு. இன்னொரு தடவ இழுத்தாள்னா காலு ஒடிஞ்சிரும்ணே!”

உள்பக்கம் திறக்க வேண்டும் என்றது நான்.

கம்பத்தை எடுத்தால்தான் கால் வெளியே வரும். கையை விட்டு முடிச்சைத் தேடினேன். கயிறு நனைந்தால் ஊதும், முடிச்சு கல்லாகும். இருபத்தைந்து வருடமாகக் கயிறு விற்கிறவனுக்கு அது தெரியாதா? என் முடிச்சுகள் ஒவ்வொன்றும் என்னைப் பார்த்துச் சிரித்தன. இடுப்பில் எப்போதும் இருக்கும் சாக்கு அறுக்கும் சின்னக் கத்தியை எடுத்தேன். மேலிருந்து ஆரம்பித்தேன். கீழ்க் கம்பம் அசைய வேண்டுமென்றால் மேல் கம்பங்கள் ஒவ்வொன்றாகப் போக வேண்டும். நான் அறுக்க அறுக்க, ஹம்ஸக்காவும் வசந்தாவும் கம்பத்தைத் தலைக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் தள்ளினார்கள்.

ஒன்று. இரண்டு. மூன்றாவதுக்கு நான் தண்ணீருக்குள் தலையோடு முங்க வேண்டியிருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கயிறு எது, மயிர் எது என்று விரலால்தான் பார்த்தேன். என் கைக்குப் பக்கத்தில் அந்தக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. சூடாக இருந்தது. இரண்டு முறை மேலே வந்து மூச்சு வாங்கினேன். மூன்றாவது முறை கயிறு விட்டது.

மைனா காலை இழுத்துக்கொண்டது. ஆனாலும் நகரவில்லை. முருகேசன் கூப்பிட்டான், வசந்தா கூப்பிட்டாள், நான் கெஞ்சினேன். கடைசியில் சுந்தரி பெட்டியிலிருந்து குதித்து, வேலி இருந்த இடத்தின் வழியாக நீந்தி, மேட்டில் ஏறிக் கத்தியது. மைனா அதன் பின்னாலேயே போய்விட்டது.

கம்பங்கள் மிதந்துகொண்டிருந்தன. அன்றைக்கு உண்மையிலேயே வேலியேற்றம் நடந்தது. இரண்டு மொழியிலும்.

நடுத் துண்டு

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். தோல் உரிந்திருக்கிறது, வீக்கம் வரும், எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார். கோடவுன் வாசலில் நாங்கள் நெஞ்சுவரை சேற்றோடு உட்கார்ந்திருந்தபோது கம்பத்து வேன் வந்து நின்றது. மாமியார் இறங்கினார். சின்ன மாப்ளையின் கோலத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

முருகேசன் எழுந்து நின்றான். “அத்தை, இன்னைக்கு அண்ணன் இல்லேன்னா என் மைனா இல்ல. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உள்ள முங்கினாரு பாருங்க…”

மத்தியானம் எங்கள் வீட்டில் நெய்மீன் குழம்பு. மாமியாரின் கரண்டி என்னை நோக்கி வந்தது. வால் துண்டைத் தள்ளியது. நடுத் துண்டு. முதல் முறையாக, கேட்காமல், என் தட்டில்.

“பெரிய மாப்ள நல்லா சாப்பிடணும்.”

இருபது வருடம் அந்தத் துண்டுக்காகத்தான் காத்திருந்தேன். வாயில் வைத்தேன். ஓடைத் தண்ணீர் மாதிரி இருந்தது. எதிரே வசந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாத்திரம் கழுவும்போது கேட்டாள்: “ஹம்ஸக்கா ‘ஞான் பறஞ்ஞதல்லே, நேத்தே சொன்னேனே’ன்னு பொலம்பறாரு. அவர் சொல்லும்போது நீங்க அங்கதான் நின்னீங்களாமே.”

நான் தட்டைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த தட்டு.

“அதுதானா அந்த ஜோக்கு? அப்புறம் சொல்றேன்னீங்களே?”

நான் குழாயை மூடினேன்.

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

இப்போது

பிறகு களத்தின் தாழ்ந்த பாதியில் செம்மண்ணும் சரளையும் கொட்டி உயர்த்தினோம். கேட் இப்போது இரண்டு பக்கமும் திறக்கும். கயிறு ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. ஓதம் ஏறும் நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். முந்தின நாளே மைனாவைக் கோடவுனுக்கு ஏற்றிவிடுவது என் வேலை. நான் கூப்பிட்டால் வராது. சுந்தரி முன்னால் நடந்தால்தான் வரும். சகலையை விட்டுவிட்டேன், இப்போது என் பொறாமை முழுவதும் அந்த ஆட்டின் மேல்தான்.

முருகேசனிடம் சொல்ல எத்தனையோ முறை போனேன். ஒவ்வொரு முறையும் அவன் முந்திக்கொள்வான்: “அன்னைக்கு நீங்க இல்லேன்னா…” நான் சொல்வதும் அதே “ம்”.

நானே சொல்லட்டும் என்று வசந்தா கொடுத்திருந்த தவணை போன வாரம் முடிந்தது. இந்தத் தொடரில் எழுதுங்கள், இல்லாவிட்டால் நானே போய் முருகேசனிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள். ஏன் இந்தத் தொடர் என்றால், இந்த வாரப் பத்திரிகையின் முதல் வாசகன் அவன்தான். வெள்ளிக்கிழமை சாயா நேரத்தில் தன் ஆட்களைச் சுற்றி உட்காரவைத்து, “எங்கண்ணன் எழுதினது” என்று என் பக்கத்தைச் சத்தமாக வாசிப்பான். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். ஆனால் ஒரு வரி விடமாட்டான். மண்வெட்டியை வைத்துவிட்டு எல்லோரும் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படியென்றால் இந்த இடத்துக்கும் இப்போது வந்திருப்பான்.

முருகேசா, சத்தமா வாசிக்கிறதை இத்தோட நிறுத்திக்கோ. மிச்சத்தை மனசுக்குள்ள வாசி. வேலியேற்றம்னா வேலியை ஏத்துறது இல்லை. கடல் ஏறுறது. அன்னைக்கு இக்கா சொன்னப்பவே எனக்கு அது தெரியும்.